பாத்தியதை உள்ளவர்கள் வெளியே வரவும்

இது கட்டிவிட்ட கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு நடுவில் புகுந்து அதெப்படி, இதெப்படி என்று கேட்கக் கூடாது. திருவண்ணாமலையில் ஜினராஜ் வக்கீலைத் தெரியாதவர்கள் கம்மி. வீடு வாங்குவதா, விற்பதா, பாகம் பிரிப்பதா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் போவார்கள். வக்கீல் சொன்னதை நம்பலாமா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். கோர்ட்டில் அவர் எதையாவது கூட்டிக் குறைத்துச் சொல்லியிருப்பார், அது அவர் பிழைப்பு. ஆனால் இதைச் சொன்னபோது அவர் கையில் இருந்த மோர் தம்ளர் நடுங்கி வேட்டியெல்லாம் கொட்டியது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாசம்.

ஜினராஜ் சமண வீட்டுப் பிள்ளை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இருட்டிவிட்டால் வாயில் ஒரு பருக்கை போடமாட்டார். அதனால் கோர்ட்டு வேலை, ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலை எல்லாவற்றையும் வெளிச்சத்தோடு முடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவார். யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால், "அதெல்லாம் ராத்திரியில ஊர் சுத்தறவனுக்குத்தான்யா" என்று கேலி செய்வார். இது நடந்ததோ பட்டப்பகலில்.

வீடு பேகோபுரத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பெயரைக் கேட்டதும் முதுகை நிமிர்த்திக்கொள்ளாதீர்கள். அது கோயிலின் மேற்குக் கோபுரம், ஜனங்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்தப் பெயருக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

வாங்குகிறவள் வேதா. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பெண் குழந்தைகள். குடியிருந்த வீட்டுக்காரன், "ராத்திரி டூட்டிக்குப் போற பொம்பளைக்கு என் வீட்ல இடமில்ல" என்று மழையில் பாத்திரம் பண்டத்தைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் வேதா முடிவு செய்தாள், இனிமேல் செத்தாலும் சொந்த வீட்டில்தான் சாவது என்று. கழுத்து, காது, கையில் இருந்ததையெல்லாம் விற்றாள்.

"சார், காலி வீடா கைல குடுங்க. இனிமே யார்கூடவும் மல்லுக்கு நிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

"ஈ காக்கா இல்லாம காலி வீடா சாவியைக் குடுக்கறேம்மா. என் பொறுப்பு" என்றார் ஜினராஜ்.

அந்த வார்த்தையை அவர் கொடுத்திருக்கக் கூடாது.

விற்கிறவன் முருகையன், கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருந்தவன். சிடுமூஞ்சி. அந்த வீடு அவன் சித்தப்பாவுடையது. சித்தப்பா போனார், பிறகு சித்தி சந்திரம்மாளும் போனாள், குழந்தை குட்டி கிடையாது. அதனால் வீடு முருகையனின் அப்பாவுக்கு வந்து, அவரும் போனபிறகு இவனுக்கு வந்தது. ஜினராஜ் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்த்தார். சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

"உங்க சித்தி எப்படிய்யா செத்தாங்க?"

"வயித்து வலி."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

இங்கே ஜினராஜின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ரொம்ப காலத்துக்கு முன்பு ஒரு கட்சிக்காரருக்கு வீடு முடித்துக் கொடுத்தார். குடிபோன மறுநாள் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையிலிருந்து ஒரு கிழவர் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தார். "நான்தான் பழைய குடித்தனக்காரன், காலி பண்ணமாட்டேன்" என்றார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்து, வாங்கினவன் நொந்து நூலாகிவிட்டான். அதிலிருந்து ஜினராஜ் ஜாக்கிரதை. பத்திரம் பதிவான அன்றே அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்கு நிறுத்துவார். கோர்ட்டு அமீனா மாதிரி உரக்கக் கூப்பிடுவார், மூன்று முறை: "இந்த வீட்ல பாத்தியதை உள்ளவங்க யாராவது இருந்தா வெளியே வாங்க!" ஒருத்தரும் வராவிட்டால்தான் சாவி கைமாறும்.

அன்றைக்குக் காலையில் பதிவு முடிந்தது. கோர்ட்டில் ஒரு வாய்தா இருந்ததால் அங்கே போய்விட்டு, மத்தியானத்துக்கு மேல் கறுப்புக் கோட்டோடு அப்படியே சைக்கிளில் வந்து இறங்கினார். மண்டையைப் பிளக்கிற வெயில். வேதா கையில் மஞ்சள், உப்பு, ஒரு குடம் தண்ணீரோடு நின்றாள். முருகையன் எதிர்ச்சாரியில் சுவரோரமாக ஒண்டிக்கொண்டிருந்தான்.

"சாவியை இங்கயே வாங்கிக்கிங்க சார்."

"வீட்டைத் திறந்து காட்டணும்யா."

"நீங்களே திறந்துக்கிங்க. நான் வரல." பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தான். "கோட்டைக் கழட்டிடுங்க சார்."

"ஏன்?"

"உள்ள புழுக்கமா இருக்கும்."

கட்சிக்காரன் வக்கீலின் புழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவது ஜினராஜுக்கு விசித்திரமாக இருந்தது. கோட்டைக் கழற்றவில்லை. கழற்றியிருந்தால் இந்தக் கதை இல்லை.

சாட்சிக்கு ஆள் தேடினார். அவர் தலையைப் பார்த்ததும் ஒரு கதவு மூடியது. அடுத்த கதவு. அதற்கடுத்தது. எதிர்வீட்டு ஜோதியம்மாள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வக்கீலா நீ?"

"ஆமாம்மா. சாட்சிக்கு ஒரு நிமிஷம் வந்து நில்லுங்க."

"வரமாட்டேன். நீயும் கூப்பிடாத. சாவியை வாங்கிக்கினு பேசாம போயிடு."

கதவை முகத்தில் அடித்தாற்போல் சாத்தினாள். கூப்பிடப் போவதை அவர் இன்னும் சொல்லவே இல்லை. ஊருக்கே தெரிந்த பழக்கம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு கூடம், சமையல்கட்டு, கிணற்றடி. எல்லாம் தூசி, ஒட்டடை. ஆனால் கூடத்தின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் வேறு மாதிரி. உட்கார்ந்த ஆளுக்குக் கை எட்டுகிற உயரம் வரைக்கும் சுண்ணாம்புக் காரை இல்லை. சுரண்டி எடுத்திருந்தது. செங்கல் பல் இளித்தது.

"என்னய்யா இது?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"எலி சார்!" என்று முருகையன் தெருவிலிருந்தே கத்தினான்.

எலியா? எலி சுவரை ஏன் தின்கிறது?

கூடத்தை ஒட்டி ஒரு அறை. கதவைத் தள்ளினார். அசையவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னலும் கிடையாது.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறுபடியும் மாட்டுக்கொட்டகைக் கதையா! எவனையோ உள்ளே ஒளித்து வைத்துவிட்டு என் மூலமாகவே வீட்டை விற்கிறானா? அதனால்தான் படி ஏறவில்லை. அதனால்தான் தெருவே கதவைச் சாத்துகிறது. வக்கீல் மூளை இல்லையா, வக்கீல் கணக்குத்தான் போட்டது.

விடுவிடுவென்று வாசலுக்கு வந்தார். உள்பக்கம் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

முருகையன் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் சார். கூப்பிடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"ஏன்யா, யார் இருக்காங்க உள்ள?"

முருகையன் திரும்பினான். செருப்பைக்கூட மாட்டாமல், கொதிக்கிற தரையில், அந்தச் சந்தைவிட்டு ஓடினான்.

ஜினராஜுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்த வீட்ல பாத்தியதை உள்ளவங்க யாராவது இருந்தா வெளியே வாங்க!"

பதில் இல்லை. ஆனால் ஒரு சத்தம் கேட்டது. சரக்... சரக்... நகத்தால் சுவரைப் பிறாண்டுகிற சத்தம். அவ்வளவு நேரமும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"பாத்தியதை உள்ளவங்க யாராவது இருந்தா... வெளியே வாங்க!"

சத்தம் நின்றது.

யாரோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி ஓர் அமைதி. தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை.

மூன்றாவது முறை வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் வேதா பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொடுத்த வார்த்தை இருக்கிறது.

"வெளியே... வாங்க..."

டக்.

தாழ்ப்பாள் விழுந்தது.

கதவு மெதுவாக... மெதுவாகத் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

வெறும் இருட்டு. ஈரச் சுண்ணாம்பு வாசனை.

பிறகு அவர் காதுக்கு வெகு பக்கத்தில்... காய்ந்துபோன ஒரு பொம்பளைக் குரல்...

"இவ்ளோ நேரமா?"

அவர் தோளை உரசிக்கொண்டு ஏதோ வெளியே போயிற்று. அந்த வெயிலில் அவர் கோட்டு ஒருபக்கம் ஜில்லிட்டது.

"காத்துல திறந்துக்கிச்சு போல சார்" என்றாள் வேதா. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். அந்த அறையை எட்டிப் பார்த்தாள். பிணத்தைப் புரட்டிப் போட்டுப் பழகினவள், அவளுக்கு என்ன பயம்? "நல்ல ரூம் சார். சுண்ணாம்பு அடிச்சா போதும். பாப்பாங்க படிக்க வச்சிக்கலாம்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தடவித் தடவி அழுதாள்.

ஜினராஜ் சாவியைக் கொடுத்தார். அந்த அழுகைக்கு முன்னால் எதைச் சொல்வது?

சைக்கிளை எடுத்தார். மிதிக்க முடியவில்லை. பின்சக்கரம் தரையோடு தரையாக அமுங்கியிருந்தது. பஞ்சர் என்று நினைத்து இறங்கி டயரை அழுத்திப் பார்த்தார். கல்லு மாதிரி காற்று இருந்தது. ஏறினார். மறுபடியும் அமுங்கியது.

இறங்கித் தள்ளிக்கொண்டே போனார். மலை வலது பக்கமாகக் கூடவே வந்தது. அவர் நின்றால் பின்னால் ஏதோ ஒன்று நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்ச நமஸ்காரத்தை முணுமுணுத்தார், பாதியில் வரிகள் மறந்துபோயின. சின்ன வயசிலிருந்து சொல்லுகிற மந்திரம்!

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நேரே கொல்லைப்புறம் போனார். தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டார். கோட்டைத் துணி துவைக்கிற கல்லில் எறிந்தார். குணமதி, அவர் மனைவி, தட்டு வைத்துக் காத்திருந்தாள்.

"சீக்கிரம் வாங்க, வெளிச்சம் போவுது."

சோற்றில் கை வைத்தார்.

"என்னங்க... கூட வந்தவங்களை அப்படியே வாசல்ல விட்டுட்டு உள்ள வந்துட்டீங்களே."

கை நின்றது.

"யாரு?"

"உங்க பின்னாடியேதான் வந்தாங்க. வயசான அம்மா. எலும்பும் தோலுமா... படிக்குக் கீழயே நின்னாங்க, ஏறவே இல்ல. பாவமா இருந்துச்சு. உள்ள வாங்கம்மான்னேன்."

"இப்போ எங்க?"

"ஆபீஸ் ரூம்ல. பெஞ்சுல உக்கார வச்சிருக்கேன்."

ஜினராஜ் எழுந்தார். அவருடைய ஆபீஸ் அறை வீட்டின் முன்பக்கம்தான். கதவு சாத்தியிருந்தது.

திறந்தார்.

மேஜை. நாற்காலி. கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சு.

காலி.

பெஞ்சுக்குப் பின்னால் சுவர். பொங்கலுக்கு அடித்த வெள்ளை. அதில் நாலு கீறல். ஓரமெல்லாம் ஈரம். கீழே தரையில் சுண்ணாம்புப் பொடி கொட்டியிருந்தது.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக ஜோதியம்மாள் வீட்டுக்கு ஓடினார். இந்த முறை அவள் கதவைச் சாத்தவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"கூப்பிட்டுட்ட இல்ல?"

"யாரும்மா அவங்க?"

"சந்திரம்மா. வேற யாரு." ஜோதியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "புருஷன் செத்ததும் முருகையன் அப்பன் வந்து வீட்டைக் காலி பண்ணுன்னான். இவ கோர்ட்டுக்குப் போனா. ஒரு வக்கீலு வந்தாரு, உன்ன மாதிரியே கறுப்புக் கோட்டு. ஸ்டே வாங்க வேலூர் போறேன், அதுக்குள்ள நீ ஒரு அடி வெளிய வச்சாலும் அவனுங்க பூட்டு போட்டுடுவானுங்க, கதவைத் தாழ் போட்டுக்கோ, நான் வந்து கூப்பிடற வரைக்கும் யார் கூப்பிட்டாலும் வராதன்னாரு. என் காதால கேட்டேன்."

"அப்புறம்?"

"அந்த ஆளு போற வழியில பஸ்ஸுலயே மாரடைப்புல போயிட்டாரு. அது இவளுக்குத் தெரியாது. வெளிய முருகையன் அப்பன் ஆளுங்களை வச்சிக்கினு காவல் இருந்தான். சோறு கொண்டு போனா காலை உடைப்பேன்னான். தெருவே பயந்துகினு கெடந்துச்சு. நான் சுவரோரமா நின்னு, வந்துடுடி, உயிர் போயிடும்டின்னு கத்தினேன். வக்கீலு வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னுட்டா."

  ஒரு வக்கீல் கட்சிக்காரிக்குச் சொல்லக்கூடிய சரியான யோசனைதான் அது. ஜினராஜாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"வாசக்கதவை உடைச்சு, அந்த உள்ரூம்லேருந்து தூக்கினப்போ..." ஜோதியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வாய் நெறைய சுண்ணாம்பு. பசி தாங்காம சுவரைச் சுரண்டித் தின்னிருக்கறா."



"ஒண்ணு பண்ணு" என்றாள் ஜோதியம்மாள். "திரும்பக் கூட்டியாந்து இங்கயே வுட்டுடு. வக்கீலு சொன்னா கேப்பா."

எதிர்வீட்டு வாசலில் வேதா பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் இரண்டும் கூடத்தில் ஓடிப்பிடித்து விளையாடுகிற சத்தம் தெரு வரைக்கும் வந்தது. அவரைப் பார்த்ததும் வேதா கையெடுத்துக் கும்பிட்டாள். "ராத்திரி நிம்மதியா தூங்கினோம் சார். எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா இப்படித் தூங்கி!"

ஜினராஜ் தலையை ஆட்டினார். பிறகு தனியாகவே வீட்டுக்குத் திரும்பினார்.

வழியெல்லாம் ஒரே யோசனை. கட்சிக்காரிதானே அவள்? வக்கீலுக்குக் கட்டுப்படுகிறவள். நேரே போய் நிற்போம், "கேஸ் முடிஞ்சிடுச்சும்மா, இனி யாரும் உங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, போய் வாங்க" என்று கும்பிட்டுச் சொல்வோம். போய்விடுவாள். வேதாவுக்கும் வீடு நிற்கும், நமக்கும் நிம்மதி. மனசு கொஞ்சம் லேசாயிற்று.

வாசலில் குணமதி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்து நின்றிருக்கிறாள். ஆபீஸ் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"நீ சாத்தினியா?"

"நான் அந்தப் பக்கமே போவல."

தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

"அம்மா..." என்று கதவருகே வாயைத் திறந்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். கூப்பிட்டால் வருவாள். எங்கே வருவாள்? நேற்றுக் கூப்பிட்டார், பின்னாலேயே வந்துவிட்டாள். இன்றைக்குக் கூப்பிட்டால் கூடத்துக்கு, சமையல்கட்டுக்கு, படுக்கிற இடத்துக்கு... அவளுக்குப் போகச் சொல்ல வேறு வீடு எங்கே இருக்கிறது?

கூப்பிடவில்லை. கடைசி வரைக்கும் கூப்பிடவில்லை. மறுமாசமே வேங்கிக்கால் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். ஊருக்கெல்லாம் வீடு முடித்துக் கொடுத்தவர், தன் வீட்டை மட்டும் விற்க முடியவில்லை. வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "அந்த முன்ரூமைத் திறந்து காட்டுங்க சார்."

ஆனால் மோர்த் தம்ளர் நடுங்கியது இதற்காக இல்லை. அன்றைக்குக் காலையில், அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அவர் மனைவியிடம் கடைசியாக ஒன்று கேட்டார்.

"குணமதி, நேத்து அவங்களை உள்ள உக்கார வச்சப்போ என்ன சொன்ன? அப்படியே சொல்லு."

குணமதி யோசித்தாள்.

"என்ன சொல்வேன்... வர்ற கட்சிக்காரங்களுக்கெல்லாம் சொல்றதுதான். 'இங்கயே உக்காருங்கம்மா. எங்கயும் போயிடாதீங்க. வக்கீல் வந்து கூப்பிடுவார்'னு சொன்னேன்."

கதவுக்கு அந்தப் பக்கம்...

சரக்... சரக்...